பிளக் ரெண்டு டப்பா

குழந்தை பிறக்க மூன்று வாரம் இருக்கும்போதே பழைய ஃப்ரீசர் ஒன்றை வாங்கி, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டான் அவன். மேலே மூடி திறக்கிற பெட்டி. இருபது டப்பா கொள்ளும். தபால் பிரிக்கிற இடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவனுக்கு, எதையும் சீட்டு ஒட்டி அடுக்கினால்தான் மனம் அடங்கும். ஆனாலும் அவனை இப்படி விரட்டியது ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம்.

அன்று மூத்த மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து, அப்போது குடியிருந்த மாடியறைக்கு வந்தார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் பரிசாகக் கொடுத்த, கரண்ட்டில் மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் காலையிலேயே கோழியும் உருளைக்கிழங்கும் போட்டு, எட்டு மணி நேரத்துக்குத் திருகி வைத்துவிட்டுப் போயிருந்தான். போனதும் சுடச்சுடச் சாப்பாடு என்று வழியெல்லாம் பெருமை. மூடியைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீரில் பச்சை உருளைக்கிழங்கு மிதந்தது. ஒயர் சுருட்டியது சுருட்டியபடியே பின்னால் கிடந்தது. பிளக்கைச் சொருகவே இல்லை.

மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ரொட்டியில் சர்க்கரை தூவிச் சாப்பிட்டார்கள். பிறகு அவள் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"இந்தத் தடவை நீ வாசப்படி தாண்டும்போது தட்டுல ஆவி பறக்கணும்," என்றான்.

"தட்டுல பறக்கட்டும். என் ஆவி பறக்காம இருந்தாச் சரி." வீங்கிய கால்களை முக்காலியில் நீட்டிக்கொண்டு கேரட் நறுக்கினாள் அவள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அடுப்பு அணையவில்லை. ஆக்கியதை அகலத் தட்டுகளில் ஊற்றி ஆறவைத்து, உறையும்போது உப்பும் என்பதால் மேலே ஒரு விரல்கடை விட்டு டப்பாக்களில் நிரப்பினார்கள். ஈரத்தில் சீட்டு ஒட்டாது. ஒவ்வொரு டப்பாவையும் துடைத்துத் துடைத்து மேஜையில் வரிசையாக வைத்தான்.

"இதுக்கு என்னன்னு எழுத?"

"என்னது அது, தக்காளியும் பீன்ஸுமா? 'மழை'ன்னு எழுதுங்க."

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாடியறையில் ஒரு ராத்திரி கூரை ஒழுக, இருந்த பாத்திரத்தையெல்லாம் தரையில் பரப்பிவிட்டார்கள். சாப்பிடத் தட்டு மிஞ்சவில்லை. தக்காளி பீன்ஸை ஒரே சட்டியில் வைத்து, கட்டில் மேல் உட்கார்ந்து, ஆளுக்கொரு கரண்டியாகத் தின்றார்கள். அன்றிலிருந்து அந்தச் சமையலுக்கு வீட்டில் வேறு பேர் கிடையாது.

"மிளகு சூப்புக்கு?"

"தெரியாதாக்கும். 'கோபம்'தான்." மூன்று நாள் பேசாமல் இருந்தபோது, மிளகை அள்ளிக் கொட்டி அவள் வைத்த சூப் அது. கண்ணில் தண்ணீர் வழிய, ஒரு சொட்டு விடாமல் குடித்தான். நாலாம் நாள் அவளே, "இன்னும் வேணுமா?" என்று கேட்டாள்.

கோழி உருளைக்கிழங்குக்கு அவன் அவளைக் கேட்கவில்லை. தலை நிமிராமல், 'பிளக்' என்று இரண்டு சீட்டு எழுதினான். அவள் பார்த்தாள். கேரட்டை நறுக்கிக்கொண்டே, "நல்லா அழுத்தி ஒட்டுங்க," என்றாள்.

சரியாக எழுதாத முகவரிகளைப் பார்த்து, 'எழுதறவனுக்குப் புரிஞ்சாப் போதுமா, படிக்கிறவனுக்குப் புரிய வேணாமா' என்று தினம் தலையில் அடித்துக்கொள்கிறவன்தான் இருபது டப்பாவிலும் இப்படி எழுதி ஒட்டினான்.

கணக்குக்குப் பத்து நாள் முன்னதாகவே ஒரு காலையில் வலி எடுத்தது. அவனுடைய அக்கா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, பேத்தி பேரனை விட்டுவிட்டு வந்ததைப் பத்துத் தடவை சொல்லி, வீட்டையும் மூத்தவளையும் பொறுப்பெடுத்துக்கொண்டாள். மத்தியானம் பையன் பிறந்தான். மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னதும், ஆஸ்பத்திரி நடைவழியில் ஜன்னலோரம் நின்று அக்காவுக்கு போன் போட்டான். குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"அக்கா, ஃப்ரீசர்ல பிளக்கை எடுத்துடு."

"ஃப்ரீசர் பிளக்கையா? எதுக்குடா?"

"அப்பத்தானே உருகும். காலைல குக்கர்ல போடணும்ல."

"உள்ள சாப்பாடு இருக்கேடா!"

"அதுக்குத்தான் சொல்றேன். ராத்திரி பூரா உருகட்டும்."

"பிள்ளை பிறந்த சந்தோஷத்துல மூளை கலங்கிப் போச்சுடா உனக்கு," என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் அவன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வர, மனைவி குழந்தையோடு ஒவ்வொரு படியாக ஏறினாள். வாசலில் அக்கா நின்றிருந்தாள். புடவை முழங்கால் வரை ஈரம். கையில் மாப்பு.

"டேய், அது என்னடா பேரு? பிளக்! சோத்துக்குப் போய் எவனாவது பிளக்குன்னு பேரு வைப்பானா?"

அவனுக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது.

"பிடுங்கிட்டியா?"

"பிடுங்கினதோட விட்டேனா? சீக்கிரம் உருகணும்னு மூடியையும் திறந்து வச்சேன். காலைல எந்திரிச்சுக் காலை வச்சா, வீடெல்லாம் தண்ணி. அப்புறம்தான் சீட்டைப் படிக்கிறேன். கோபம்ங்கிறே, மழைங்கிறே. எனக்கு என்னடா தெரியும்? உடனே பிளக்கைச் சொருகிட்டேன். அடியில இருக்கறதெல்லாம் கல்லு மாதிரி அப்படியே இருக்கு. மேல இருந்த அஞ்சு டப்பாதான் இளகிப் போச்சு."

"எந்த அஞ்சு?"

"ரெண்டு பிளக், ரெண்டு மழை, ஒரு கோபம்."

அவன் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. மறுபடியும் ரொட்டி, மறுபடியும் சர்க்கரை என்று மட்டும் மனசுக்குள் ஓடியது.

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதே சிரிப்பு. ஒரு கையால் குழந்தையையும் மறு கையால் அடிவயிற்றையும் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்தாள். எந்த நேரமும் அது அழுகையாக மாறிவிடும் என்று அவன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். மாறவில்லை.

"அண்ணி, இளகினதை என்ன பண்ணீங்க?"

"தூக்கியா போடுவேன்? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு, அடுப்புல நல்லாக் கொதிக்கவிட்டு, அந்தக் குக்கர்ல ஊத்தி வச்சேன். நல்லா இருந்தாத் தின்னுங்க, இல்லாட்டி என் தலையில ஊத்துங்க."

அவன் சமையலறைக்கு ஓடினான். முதலில் பார்த்தது சுவரைத்தான். பிளக் சொருகியிருந்தது. மேல்மூடியில் நீர் கோத்து, உள்ளே ஏதோ மெல்லக் கொப்புளித்துக்கொண்டிருந்தது. கரண்டி எடுத்துத் தட்டு நிறைய ஊற்றினான்.

மனைவி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தட்டை வாங்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. முதல் வாயை வைத்துவிட்டு ரொம்ப நேரம் மென்றாள்.

"முதல்ல மழைதான் தெரியுது," என்றாள். "கோபம் பின்னாடி மெல்ல வருது."

"நல்லா இல்லியா?" என்றாள் அக்கா.

"உருளைக்கிழங்கு வெந்திருக்கு அண்ணி." சொன்னது அண்ணியிடம், பார்த்தது அவனை. அவன் ஈரமாப்பை வாங்கிக்கொண்டு, காய்ந்துபோன தரையையே துடைக்க ஆரம்பித்தான்.

சாப்பிட்டு மிச்சம் ஒரு டப்பா தேறியது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மூத்தவள் தம்பியைப் பார்த்து முடித்து, ஒரு கிண்ணம் ருசி பார்த்து, டப்பாவைத் துடைத்துச் சீட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, இதுக்கு என்ன பேரு?"

"ஒழுங்கா என்னென்ன இருக்குன்னு எழுதும்மா. படிக்கிறவங்களுக்குப் புரியணும்," என்றான் அவன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு நாக்கைத் துருத்திக்கொண்டு, கொட்டை எழுத்தில் 'அத்தை' என்று எழுதி, நன்றாக அழுத்தி ஒட்டினாள்.