வழிவிடாத ரவுட்டர்

ஹீட்டர் பத்து நிமிடம் கூடுதலாக ஓடியதற்காகப் போன வாரம் அவள் விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான் புருஷன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தான் வீடு முழுக்கக் கருவி மாட்டியிருப்பதாக ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்வான். எந்த பிளக் எவ்வளவு இழுக்கிறது, வாசல் கதவு எப்போது திறக்கிறது, எல்லாம் அலுவலகத்தில் இருந்தபடியே அவன் போனில் தெரியும். அலுவலகம் ஐந்து நிமிட நடை. அவனுக்கு மிச்சம் பிடிக்கத் தெரிந்ததெல்லாம் கரண்டைத்தான், ஓங்கும் கையை அல்ல.

முன்பு ஒருதரம் ரவுட்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மகளோடு கிளம்பினாள். இணைப்பு அறுந்ததும் அவன் போன் அலறிவிட்டது. மாடிப்படியிலேயே மடக்கி, மகள் பார்க்க, முன்பல்லைப் பெயர்த்தான். இன்னொருதரம் மாட்டினால் உயிர் மிஞ்சாது.

ஆனால் அந்த மடையன் போன மாதம் சண்டியர் மாதிரி ஒரு ரவுட்டரை வாங்கிவந்து, கருவிகளின் சேதியை வாங்கி அவன் போனுக்கு அனுப்பும் நடுப்பெட்டி மேலேயே வைத்தான்.

"பெருசா இருந்தாத்தான்டி எல்லாம் ஒழுங்கா கேக்கும்."

கதவிலும் பிளக்கிலும் இருக்கும் சின்னக் கருவிகளுக்கு மெல்லிய குரல். ரவுட்டருக்குத் தொண்டை பெரிது. இரண்டுக்கும் ஒரே அலைவரிசை. ரவுட்டர் இடையிடையே வாயை மூடி வழிவிட்டால்தான் சின்னதுகளின் பேச்சு நடுப்பெட்டிக்குப் போய்ச் சேரும். அந்தச் சமாதானத்தைச் செய்துவைப்பதுதான் கல்யாணத்துக்கு முன் அவள் பார்த்த வேலை.

பகல் பதினொரு மணி. மகளைக் குளிக்க வைக்க ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ரவுட்டரின் அமைப்புக்குள் நுழைந்து வழிவிடுவதை நிறுத்தினாள். அலைவரிசையில் சின்னதுகள் பேசும் இடத்துக்கே அதைத் தள்ளினாள். ரவுட்டர் ஓயாமல் கத்த, பழைய கணினியில் பெரிய பெரிய படங்களாக இறக்கவிட்டாள். நடுப்பெட்டி ஒயரில் இருந்ததால் இணைப்பு அறவில்லை, காதுதான் அடைத்துப்போயிற்று. கடைசியாகக் கேட்டதோடு அது நின்றுவிட்டது. ஹீட்டரை அணைத்தாள். கதவைத் திறந்தாள். அவள் போன் அடிக்கவில்லை. படியில் ஆளில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பேருந்து நகரத்தை விட்டு வெளியேறியபோதுதான் அழைப்பு வந்தது.

"ஏன்டி, ஹீட்டர் ஒரு மணி நேரமா ஓடுது, எவ்ளோ திமிரு உனக்கு? படியேறிட்டேன். இன்னைக்கு உன் கைய முறிக்கிறேன் பாரு!"

"அத அப்பவே நிறுத்தியாச்சு. கதவும் தொறந்துதான் கெடக்கு."

"மூடியிருக்குன்னு காட்டுது!"

"காட்டும்."

கதவு சுவரில் மோதியது கேட்டது. அவள் பெயரைச் சொல்லி அறை அறையாகக் கத்தினான். பிறகு கண்ணாடி நொறுங்கியது. ரவுட்டரோ நாற்காலியோ, ஏதோ ஒன்று சுவரில் மறுபடி மறுபடி விழுந்தது. போனைத் தாண்டி அந்தச் சத்தம் கேட்டதும் மகள் பழக்கத்தில் தலையைக் குனிந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

அவள் அந்தக் கைகளை மெல்ல விலக்கினாள்.

"பயப்படாத கண்ணு. அந்த அடி நமக்கில்ல."