கட்டில்கள் இடம் மாறிய ஞாயிறு

கணவர் இறந்து இரண்டு மாதம் ஆவதற்குள் அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். யாரும் வற்புறுத்தவில்லை. வீட்டில் சும்மா இருந்தாலும் ஒன்றும் தோன்றவில்லை, அலுவலகத்தில் இருந்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. அலுவலகத்திலாவது வேலையைப் பற்றி மட்டும் விசாரித்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றைத் தெருவுக்கு எதிர்ப்புறம் எழும்பியிருந்த புதுக் கட்டடத்துக்கு மாற்றும் திட்டம் அவள் பொறுப்பில் இருந்தது. எது முதலில், எது பிறகு, எது தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவள் தொழில். அறையின் சுவர் முழுக்க அட்டவணைகளை ஒட்டி வைத்திருந்ததால் 'அட்டவணை அக்கா' என்றே பேர் ஆகிவிட்டது. அவளைவிட வயதில் மூத்த டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஆஸ்பத்திரி இயக்குநர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"திறப்பு விழாவைச் சொன்ன தேதிக்கு முன்னாடியே வச்சுட்டாங்க. தீவிர சிகிச்சைப் பிரிவை ஒரே காலையில மாத்திடலாமே? ஒரு நோயாளிக்கு இருபது நிமிஷம் போதும்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாம் ஒழுங்கா நடந்தா இருபது நிமிஷம் சார். வழக்கம்போல நடந்தா எவ்வளவு ஆகும், எல்லாமே சொதப்பினா எவ்வளவு ஆகும்னு கேட்டேன். அதுக்கு ஆளுக்கொரு பதில் சொல்றாங்க."

"அப்போ நடுவுல ஒண்ணை எடுத்துக்கங்களேன்."

"ஒத்திகை பார்க்காம எதையும் எடுக்க மாட்டேன் சார்."

ஒத்திகை அன்று நோயாளியாகப் படுக்க ஒப்புக்கொண்டிருந்த மருந்தகக்காரர் வரவில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

தலைமை நர்ஸ் திகைத்துப்போனாள். அதட்டலுக்குப் பேர் போனவள். எல்லோருக்கும் அவள் 'கமாண்டர்'. "நீங்க வேண்டாம் அக்கா," என்றாள், அன்றைக்கு மட்டும் மெதுவாக.

"தள்ளுங்க சிஸ்டர்."

தள்ளினார்கள். கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் வந்து பின்னால் போயின. அவள் கணவரை இப்படித்தான் வேறொரு ஆஸ்பத்திரியில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவர் கடைசியாகப் பார்த்தது இந்த மாதிரி விளக்குகளைத்தான் என்று மனதுக்குள் ஏதோ சொன்னது. அக்கம்பக்கத்தில் யாருக்கோ நடந்ததைக் கேள்விப்படுவதுபோல் இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தெருவைக் கடக்கும்போது வெயில் முகத்தில் அடித்தது. அவ்வளவுதான்.

புதுக் கட்டடத்து லிஃப்ட் வாசலில் கட்டில் நின்றுவிட்டது. சுவாச இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டிலைத் திருப்ப முடியவில்லை. இயந்திரத்தைக் கழற்றி, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையை அழுத்துவதுபோல் பாவனை செய்து, கட்டிலை உள்ளே இழுத்து, மறுபடி மாட்டினார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது, சொன்ன நேரம் இரண்டு மடங்காகியிருந்தது.

"எழுந்திருங்க அக்கா, வந்தாச்சு."

"கொஞ்ச நேரம் இருங்க."

சுற்றி நின்றவர்கள் கட்டில் சக்கரத்தைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். இறங்கிய பிறகு கமாண்டர் அவளை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனாள். "கண் கொட்டாமப் படுத்திருந்தீங்க. நான் பயந்தே போயிட்டேன்."

"எனக்கு ஒண்ணுமே தோணல சிஸ்டர்."

"தோணும்போது தோணட்டும்," என்றாள் கமாண்டர்.

மறுநாள் இயக்குநரிடம் போனாள். "லிஃப்ட் வாசல்லதான் சார் எல்லாம் மாட்டுது. எத்தனை ஆளைக் கூட்டினாலும் அங்க ஒரு நேரத்துல ஒரு கட்டில்தான் திரும்பும். மத்தவங்க தெருவுல வரிசையில நிக்கணும். ஞாயிறு, திங்கள், ரெண்டு நாள் வேணும். ரெண்டு நாளும் சாயங்காலத்துல எந்த வேலையும் வைக்காம கொஞ்ச நேரத்தைச் சும்மா விட்டு வைக்கிறேன்."

"சும்மா எதுக்கு?"

"ஏதாவது ஒண்ணு நடக்கும். என்னன்னுதான் தெரியாது."

"விழாவுக்கு வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"கீழ்த்தளத்தை மட்டும் திறக்கச் சொல்லுங்க சார்."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மதியத்துக்குச் சற்று முன், ஒரு முதியவரோடும் கமாண்டரோடும் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனது.

அவள் மேல்மாடியில் லிஃப்ட் வாசலில் இருந்தாள். இந்த மாதிரி நடந்தால் யார் என்ன செய்வது என்று முன்பே பேசி முடித்திருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் அங்கேயே காத்திருந்தார்; படியேறி லிஃப்ட் இயந்திர அறைக்கு ஓடினார். மூச்சு கொடுக்கும் பையும் இன்னொரு ஆக்சிஜன் சிலிண்டரும் லிஃப்டுக்குள்ளேயே இருந்தன. அவள் போனை எடுத்தாள்.

"அடுத்த கட்டில் கிளம்ப வேண்டாம்."

"பாதி தெரு தாண்டிட்டோம் அக்கா," என்றார் மறுமுனையில் இளம் டாக்டர். "இங்கயே நிக்கிறோமே."

"திரும்பிப் போங்க டாக்டர். வார்டுக்கே போயிடுங்க."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பிறகு பலரும் அதைத் துணிச்சல் என்று பாராட்டினார்கள். துணிச்சல் ஒன்றும் இல்லை. பயப்படுவதற்கு அவளுக்குள் அப்போது ஆளே இல்லாததுபோல் இருந்தது.

முதியவரின் மனைவி பக்கத்தில் வந்து நின்றார். மூடிய லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லபடியாக் கொண்டுவந்துடுவாங்கல்லம்மா?"

கணவரைக் கொண்டுபோன அன்று அவளிடமும் யார் யாரோ ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் தெரியலம்மா," என்றாள். "உள்ள இருக்கற நர்ஸ் கெட்டிக்காரி. மூச்சு கொடுக்கத் தேவையானது எல்லாம் இருக்கு. என்ன தெரிஞ்சாலும் முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்."

அந்த அம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. நகம் பதிந்தது. இருவரும் அப்படியே நின்றார்கள்.

லிஃப்ட் ஒரு குலுக்கலோடு மேலே வந்தது. கதவு திறந்ததும் கமாண்டரின் நெற்றி வியர்வை தெரிந்தது. கை இன்னும் பையை அழுத்திக்கொண்டிருந்தது. "இருக்கார்," என்றாள். "நல்லா இருக்கார்." அந்த அம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

லிஃப்டைப் பழுதுபார்த்துச் சோதித்து மறுபடி ஓட்டுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. சும்மா விட்டு வைத்த நேரம் முழுவதும் தீர்ந்தது. அதைத் தாண்டி ஒன்றும் தள்ளிப்போகவில்லை. திங்கள் மாலைக்குள் கடைசிக் கட்டிலும் வந்து சேர்ந்தது.

இயக்குநர் தேடி வந்து கைகுலுக்கினார். "அடுத்து ஆய்வகத்தை மாத்தணும். அதையும் நீங்கதான் பார்க்கணும்."

"எனக்கு லீவு வேணும் சார்."

"தாராளமா எடுத்துக்கங்க. எத்தனை நாள்?"

அவள் யோசித்தாள். "சொல்லத் தெரியல சார்."

அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

வீட்டில் மகள் சோபாவில் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா போன நாளிலிருந்து அம்மாவைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று தானே சமைத்து, தானே துவைத்து, சத்தமில்லாமல் வளைய வந்தவள். "சீக்கிரம் வந்துட்ட?" என்றாள்.

"நாளைக்கும் வீட்லதான்."

மகள் புத்தகத்தை மூடினாள். அம்மா உட்கார நகர்ந்து இடம் விட்டாள். சற்று நேரத்தில் அம்மாவின் தோளில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள். மகளின் பாரத்தில் கை மெல்ல மரத்துக்கொண்டு வந்தது. அவள் கையை எடுக்கவில்லை.