தட்டினால் விடுவார்கள்

அது எந்த ஆண்டு என்பதில் இப்போது உறுதியில்லை. கோபே நகரில் டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம். அன்று மழை பெய்ததா என்பதும் சந்தேகம்தான். குரமோச்சி பயந்த பயம் மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. அதை அவரே சொல்லிக் கேட்டது.

குரமோச்சி முடிதிருத்துபவர். வலது மணிக்கட்டு முன்பே ஒருமுறை பிசகியிருந்தது. இன்னொரு முறை போனால் சவரக்கத்தி பிடிக்க முடியாது என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையை அவர் பயின்ற கூடத்தில் இதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு காலை, சீனர் தெருவில் பன் கடை நடத்தும் லியென் அம்மாள் கூடத்துக்கு வந்திருந்தாள். அவள் தாய்ச்சி என்ற சீன வித்தை பயின்றவள். இரண்டு வித்தைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு.

"போ குரமோச்சி. பன் விக்கிற அம்மாகிட்ட பயமா?" என்றார் கூடப் பயிலும் தொபித்தா.

"உன் மண்டையச் செரைக்கிறப்ப வர்ற பயம்தான்யா."

முதலில் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டிச் சுற்றினார்கள். அவர் தள்ளிய இடத்தில் எல்லாம் அவள் இல்லை. ஆனால் அவள் தோல் மட்டும் அவரை விட்டு விலகவேயில்லை.

"இதோட உங்க பூட்டையும் சேத்துப் பாக்கலாமா தம்பி?" என்று கேட்டபடியே அவர் மணிக்கட்டை மடக்கினாள்.

கூடத்து ஆட்கள் மூட்டை மடக்கிப் போடும் பூட்டில் நழுவிக்கொள்ள ஒரு மயிரிழை இடமாவது இருக்கும். இதில் அதுவும் இல்லை. வலி முழங்கை வரை ஏறியது. குரமோச்சி அவள் கையில் இரண்டு முறை தட்டினார். கூடத்தில் தட்டினால் விடுவார்கள், இருபது ஆண்டுகளாக அப்படித்தான். தட்டிய சத்தம் அவளுடைய அகன்ற சட்டைக்கையில் அமுங்கிப் போனது. அவளோ, தோலில் படும் எந்த விசையையும் வாங்கிக்கொண்டு இறங்கப் பழகியவள். இறங்கினாள். பூட்டு இன்னும் இறுகியது.

விழுந்து தப்பிக்கலாம் என்று முழங்காலை மடக்கினார். கூட ஆடுபவரை விழவிடுவது தாய்ச்சிக்காரர்கள் பக்கம் மரியாதைக் குறைவு. இடது கையால் அவர் முழங்கையைத் தாங்கினாள்.

"பயப்படாதீங்க, விழ விடமாட்டேன்."

பயிற்சிப் பாயில் யாரும் பேசக் கூடாது என்பது கூடத்துப் பழக்கம். சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஏதோ நூல் இழுபடுவது போலிருந்தது. நாளைக் காலை நாற்காலியில் சாய்ந்து தொண்டையைக் காட்டப்போகும் ஆட்களை நினைத்தார். வியர்வை கண்ணில் இறங்கியது.

"விடுங்கம்மா. கை போகுது."

சுடுபாத்திரத்தை விடுவது போல விட்டாள். அதற்குள் நூல் அறுந்திருந்தது.

"சொல்லவேயில்லையே தம்பி."

"தட்டினேனேம்மா."

"அதுவா? தள்றீங்கன்னுல்ல நெனச்சேன்."

எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்துவிட்டது. குரமோச்சி அதன்பின் கத்தி பிடிக்கவில்லை. அவர் கத்தரியோடு நிற்க, சவரம் மனைவி ஷிகேயின் வேலையானது. தொபித்தா லியென் அம்மாளிடம் தாய்ச்சி கற்கப் போனார். வாயாலும் 'போதும்' சொல்லலாம் என்று கூடத்தில் விதி வந்தது. யாரும் சொல்லிக் கேட்டதில்லை. லியென் அம்மாள் அந்தக் கூடத்துக்கு மறுபடி வரவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து நுரையீரல் நோயில் இறந்தாள்.