மாமாவைக் கொன்ற கடை

பட்டறைக் கதவைத் திறந்தது பெரியவளின் புருஷன்தான். கையெல்லாம் பசை, காதில் பென்சில், இடுப்பில் ஏப்ரன். வாசலில் நின்ற பெண்மணியின் தோளில் அவர்கள் தைத்த பழுப்புத் தோல் பை தொங்கியது. அதைப் பார்த்ததும் மனுஷனுக்கு முகமெல்லாம் பல்.

“வாங்க வாங்க. வார் ஏதாவது பிஞ்சு போச்சா?”

“இல்லைங்க, பை நல்லாத்தான் இருக்கு. நான் ஸ்கூல் டீச்சர். இதைத் தைச்சவங்களுக்கு மெசேஜ் போட்டிருந்தேன். ஒரு தடவை நேர்ல பாக்கணும்னு வந்தேன். நீங்க?”

“அவ புருஷன்.”

டீச்சரின் முகம் மாறிவிட்டது. “அதுக்குள்ளயா?” என்று அவர் முனகியது, உள்ளே குத்தூசியும் கையுமாக உட்கார்ந்திருந்த பெரியவளின் காதில் தெளிவாக விழுந்தது. என்ன அதுக்குள்ளயா? கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் தலையெடுத்து ஆளுக்கொரு பக்கம் போயாகிவிட்டது. இதில் அதுக்குள்ளே என்ன, இதுக்குள்ளே என்ன?

“உள்ள வாங்க டீச்சர். என்ன விஷயம், சொல்லுங்க,” என்றாள்.

டீச்சர் போனை எடுத்து நீட்டினார். அதில் அவர்களுடைய கடையின் இணையப் பக்கம். அவள் வேலை செய்யும் மேஜை, ஜன்னல் வெளிச்சம், பக்கத்தில் ஒரு காலி ஸ்டூல், சுவரில் தொங்கும் ஏப்ரன். படம் அழகாகத்தான் இருந்தது. கீழே எழுதியிருந்ததைப் பெரியவள் படித்தாள்.

‘அவர் வெட்டுவார், நான் தைப்பேன். அப்படித்தான் இருந்தோம். இப்போது அவர் இல்லை. அவருடைய ஏப்ரன் மட்டும் அதே ஆணியில் தொங்குகிறது. ஒவ்வொரு பையிலும் அவருக்காக ஒரு தையல் கூடுதலாகப் போடுகிறேன்.’

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் படித்த புருஷன், குனிந்து தன் இடுப்பு ஏப்ரனை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

“எப்படிச் செத்தேன்னு போட்டிருக்கா?” என்றார்.

“வாயை மூடுங்க!” என்று கத்தினாள் பெரியவள். குத்துக்கல்லாட்டம் நிற்கிற மனுஷனை எந்தப் பாவி இப்படி வாய் கூசாமல் சாகடித்தான்? யாரென்று தெரியாதா என்ன? அவள் கூடப் பிறந்தவன்தான். மாடியறையில் உட்கார்ந்து பைகளை இணையத்தில் விற்றுக் கொடுக்கிற கடைக்குட்டித் தம்பி, சின்னவன். அந்தக் கடைக்கு ஒரு எழுத்து எழுதுவதென்றால் அவன்தான் எழுத வேண்டும்.

கடையை மேம்படுத்தப் போகிறேன் என்று சில மாதங்களுக்கு முன்பு அவன் கிளம்பியபோது சந்தோஷமாகத் தலையாட்டியவளும் அவள்தான். அதற்கு முன்பு வெறும் ‘தோல் பை, கைத்தையல், பழுப்பு’ என்று போட்டிருக்கும். ஈ ஓட்டினார்கள். விலை கூடின பொருளுக்குப் பின்னால் ஒரு கதை வேண்டும் அக்கா என்றான். சரிதானே என்று தானும் புருஷனும் வேலை செய்வதைப் பற்றி மணிக்கணக்காகச் சொன்னாள். அவன் எழுதியதை அவளுடைய போனில் எத்தனையோ முறை படித்திருக்கிறாள். அதில் புருஷன் உயிரோடுதான் இருந்தார், வெட்டினார், அளவு தப்பினால் அவளிடம் திட்டும் வாங்கினார்.

அவள் தன் போனை எடுத்து அதே பக்கத்தைத் திறந்தாள். அங்கே புருஷன் உயிரோடு இருந்தார். டீச்சர் போனில் பார்த்தாள். செத்திருந்தார்.

“டேய்! கீழ வாடா!”

அந்தச் சத்தத்துக்கு மாடிப்படியில் தடதடவென்று ஓடி வந்தவன், இரண்டு போனும் பக்கம் பக்கமாக மேஜை மேல் இருப்பதைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான்.

“உன் மாமா எங்கடா?”

“இங்கதான்... நிக்கிறாரு.”

“அப்ப இதுல செத்துக் கிடக்கிறது யாரு?”

“அக்கா, கத்தாத. இது ஒரு டெஸ்ட். எல்லாக் கடையிலயும் பண்றதுதான். ரெண்டு கதை எழுதி, வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு ஒண்ணு, மீதிப் பேருக்கு இன்னொண்ணு காட்டிப் பாக்குறது. மாமா இருக்கிற கதையைப் படிச்சுட்டு எல்லாரும் மூடிட்டுப் போயிடறாங்க. இல்லாத கதையைப் படிச்சவங்க வாங்குறாங்க. அதான் கடைசியில எல்லாருக்கும் அதையே வச்சுட்டேன்.”

“எல்லாருக்குமா? அப்ப என் போன்ல ஏன் இன்னும் உயிரோட இருக்காரு?”

சின்னவன் மாமாவைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான், அப்புறம் தரையைப் பார்த்தான்.

“உனக்கு மட்டும் பழசே தெரியற மாதிரி பண்ணி வச்சேன்.”

பெரியவளின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. விளையாட்டுப்பிள்ளை, விவரம் தெரியாமல் செய்துவிட்டான் என்று ஒரு ஓரத்தில் மனசு அவனுக்காக வாதாடிக்கொண்டிருந்தது. அதுவும் போயிற்று. தப்பு என்று தெரிந்திருக்கிறது! தெரிந்துதான், அக்காவின் கண்ணை மட்டும் கட்டிவிட்டு ஊர் உலகத்துக்கெல்லாம் அவளை விதவையாக்கிக் காட்டியிருக்கிறான்.

“படுபாவி! உன்னைத் தூக்கி வளர்த்த மனுஷன்டா! சைக்கிள்ல வச்சு உன்னை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டவருடா! அவரைக் கொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

“நான் பேரு போடலையேக்கா. ‘அவர்’னுதானே எழுதியிருக்கேன்.”

“எனக்கு எத்தனை ‘அவர்’ இருக்காங்கன்னு நினைச்ச?”

புருஷன் மெல்லத் தொண்டையைச் செருமினார். “விடு. மச்சான் நம்ம நல்லதுக்குத்தானே பண்ணியிருக்கான். வேலை வருதுல்ல? செத்தா செத்துட்டுப் போறேன். யாராவது வந்தா நான் உள் ரூம்ல இருந்துக்கிறேன்.”

இதைக் கேட்டதும் தம்பி மேல் இருந்த கோபம் அப்படியே புருஷன் மேல் திரும்பியது. ரோஷம் கெட்ட மனுஷன்! சொந்தப் பட்டறையில் ஒளிந்துகொள்கிறாராம்! யாராவது கதவைத் தட்டினால் இவர் பூனை மாதிரி உள்ளே ஓட வேண்டும், அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு பை விற்க வேண்டும்.

“நீங்க எங்கயும் ஒளிய வேண்டாம். இங்கயே நில்லுங்க. டேய், எடு அதை. இப்பவே, என் கண்ணு முன்னாடி எடு. மாமா இருக்கிற கதைக்கு ஒருத்தரும் வாங்கலைன்னா பை இங்கயே தொங்கட்டும்.”

சின்னவன் போனைத் தட்ட ஆரம்பித்தான். அதுவரை ஓரமாக நின்றிருந்த டீச்சர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“என் வீட்டுக்காரர் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. இந்தக் கதையைப் படிச்சுட்டு உங்களுக்கு எழுதினேன். நீங்க பதில் போட்டீங்க.”

“நான் போடலை டீச்சர். எனக்கு மெசேஜே வரலை. அதெல்லாம் தம்பிதான் பாக்குறான்.”

டீச்சர் தன் போனை எடுத்துப் படித்துக் காட்டினார். ‘எனக்கும் அப்படித்தான் சகோதரி. அவருடைய பொருள் எதையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்துவிட்டு இன்றுவரை தவிக்கிறேன்.’

சின்னவனின் விரல் பாதியில் நின்றிருந்தது.

“என் பொண்ணு அப்பாவோட சட்டையெல்லாம் இல்லாதவங்களுக்குக் குடுத்துடலாம்மான்னு கேட்டா,” என்றார் டீச்சர். அழவில்லை. வகுப்பில் பேசுவது போலத்தான் நிதானமாகப் பேசினார். “நானும் சரின்னு மடிச்சுக்கூட வச்சுட்டேன். உங்க பதில் வந்துச்சு. அனுபவப்பட்டவங்க சொல்றாங்கன்னு நம்பி எல்லாத்தையும் திரும்பப் பிடுங்கி உள்ள வச்சேன். உனக்கென்னடி தெரியும், அவங்களுக்குத்தான் தெரியும்னு அவளைப் பேசக் கூடாததெல்லாம் பேசிட்டேன். அவ கோவிச்சுக்கிட்டுப் போனவ, இன்னும் பேசலை. அதான், உங்ககிட்டயே கேக்கலாம்னு வந்தேன். அந்தச் சட்டையை வச்சுக்கவா, குடுத்துடவா?”

பெரியவள் என்ன சொல்வாள்? பக்கத்திலேயே புருஷன் நிற்கிறார், பசைக் கையோடு, மூச்சு விட்டுக்கொண்டு. இதற்குப் பதில் சொல்ல அவளுக்கு என்ன தெரியும்?

“எனக்குத் தெரியாது டீச்சர்,” என்றாள். “சத்தியமா எனக்குத் தெரியாது.”

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு டீச்சரை உட்கார வைத்தாள். பிறகு தம்பியின் கையிலிருந்த போனைப் பிடுங்கி மேஜை மேல் கவிழ்த்தாள்.

“எழுதினவன் நீ. உன்னைத்தான் கேக்குறாங்க. சொல்லு.”

சின்னவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சாரி மேடம்,” என்றான்.

“அதை நான் கேக்கலைப்பா,” என்றார் டீச்சர். “சட்டையை என்ன பண்ணட்டும்?”