காகித அறையில் படுக்கவைத்தார்கள்

அச்சகத்தில் காலை ஷிப்ட் அப்போதுதான் தொடங்கியிருந்தது. தண்ணீர் குடிக்கப் போன கட்டிங் மெஷின்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடியபடி திரும்பி வந்தார். ஏதோ சொல்ல முயன்றார், வாய் குழறியது.

"அண்ணன் காலையிலேயே ஆரம்பிச்சுட்டாரு போல" என்றான் பைண்டிங்கில் இருந்தவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது போதையில் வந்தால் முதலாளியிடம் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். காகிதக் கட்டுகள் இருக்கும் அறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அவர் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுக்குக் குனிந்து ஒரு தடவை அவர் வாயை முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. கட்டிங் மெஷின்காரர் குடியை விட்டு வருடக்கணக்காகிறது. குடிகாரன் என்று பெயர் வாங்கியவன் நோயில் விழுந்தாலும் நம் கண்ணுக்கு அது குடிதான். என்ன கண்ணோ இது.

ஃபோர்மேன் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். போகும்போதே மெஷின்காரர் தன் பின்னந்தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார், வாந்தி எடுத்தார். "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று கதவைச் சாத்தினார் ஃபோர்மேன்.

மதியம் எழுப்பியும் எழவில்லை. பிறகுதான் பதறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டரம்மா கோபத்தை மறைக்கவில்லை. "பின்னந்தலையில கீழ்ப்பக்கம் சிறுமூளை இருக்கு. நாம விழாம நடக்கிறது, கை தடுமாறாம இருக்கிறது, பேச்சு குழறாம வர்றது எல்லாம் அதோட வேலை. அதுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. குடிச்சவன் தள்ளாடுறதும் அந்தச் சிறுமூளை மந்தமாகறதாலதான். அதனால பார்க்க ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். யோசிக்கிற பெருமூளைக்கு ஒண்ணும் ஆகல. நீங்க சிரிச்சது அவருக்குக் கேட்டிருக்கும், புரிஞ்சும் இருக்கும். உடனே வந்திருந்தா அடைப்பைக் கரைக்கப் பார்த்திருக்கலாம். இப்ப சிறுமூளை வீங்கி, மூச்சை நடத்துற மூளைத்தண்டை அழுத்துது. ஆபரேஷன் பண்ணித்தான் உயிரைக் காப்பாத்தணும்."

வராந்தாவில் அவர் மனைவி நின்றிருந்தாள். ஃபோர்மேன் அவளிடம் போனார்.

"தப்பா நினைக்காதம்மா. அவன் வேலை போயிடக் கூடாதேன்னுதான் மறைச்சோம்."

"குடியை விட்டுட்டேன்னு அவரு சொன்னப்பவும் நீங்கெல்லாம் சிரிச்சீங்களாம், அண்ணே. வீட்டுக்கு வந்து சொல்லி அழுதாரு. இன்னைக்கும் சிரிச்சுட்டுத்தானே படுக்கவச்சீங்க?"



உயிர் பிழைத்தது. ஆனால் கத்திக்கு அடியில் தாளை நேராக வைத்த அந்தக் கை இனிக் கரண்டியைக்கூட நேராகப் பிடிக்காது. யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்கள் செய்த வேலை இது. அதுதான் வயிற்றெரிச்சல்.

மறுநாள் ஃபோர்மேன் மெஷின்களை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டார்.

"இனிமே இங்க யார் தள்ளாடினாலும், யார் வாய் குழறினாலும், அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரி."

"நிஜமாவே குடிச்சிருந்தா?" என்றான் பைண்டிங்காரன்.

"அதை டாக்டர் சொல்லட்டும். நாம சொல்லித்தான் ஒரு மனுஷனைப் பாழாக்கிட்டோம்."