அப்பாவின் பெயரில் படுத்திருப்பவர்

என் அப்பா தானெலி மொய்லானெனை நாங்கள் இரண்டு முறை அடக்கம் செய்தோம். முதல் முறை, போரின் கடைசிக் கோடையில். போர்முனையிலிருந்து வந்த பெட்டியைத் திறக்கவே கூடாது என்று பாதிரியார் சொல்லிவிட்டார். கொடி போர்த்தி, துப்பாக்கி முழங்க, தேவாலயத்தை ஒட்டி வீரர்களின் வரிசையில் புதைத்தார்கள். அம்மா கறுப்பு உடுத்தி அரை வருஷம்கூட ஆகவில்லை. எதிரியின் சிறைமுகாமிலிருந்து எலும்பும் தோலுமாக அப்பா வாசலில் வந்து நின்றார்.

அப்படியானால் பெட்டியில் யார்? அன்று காலைதான் பதுங்குகுழிக்கு வந்து சேர்ந்த ஓர் இளம் சிப்பாய். காய்ச்சலில் நடுங்கியிருக்கிறான். அப்பா தன் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போர்த்திவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். போன இடத்தில் எதிரியிடம் மாட்டிக்கொண்டார்; பதுங்குகுழியில் குண்டு விழுந்தது. கோட்டுப் பையில் இருந்த காகிதங்களைப் பார்த்துப் பெட்டியில் அப்பாவின் பெயரை எழுதிவிட்டார்கள். அந்தச் சிப்பாயின் பெயரை அப்பா கேட்டிருக்கவே இல்லை.

கல்லை மாற்ற ஊரார் வந்தபோது அப்பா சண்டைக்குப் போனாராம். "எனக்கு வீடு இருக்கு, பொண்டாட்டி இருக்கா. அவனுக்கு அந்தக் கல்லு மட்டும்தான். கை வெச்சுப் பாருங்க!"

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் எங்கள் ஊரில் வீரர்களின் கல்லறை ஒவ்வொன்றிலும் மெழுகுவத்தி எரியும். அப்பா தன் பெயர் பொறித்த கல்லுக்குத் தானே ஏற்றுவார். வீட்டுக்கு வந்து எல்லாரும் முற்றத்துக்கு அப்பால் இருக்கும் சவுனாவில், அதாவது நீராவிக் குளியல் குடிலில், குளித்தபின், சூடான கற்களில் கடைசியாக ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, பலகையில் துண்டு வைத்துக் கதவைச் சாத்துவோம். அந்த நீராவி செத்தவர்களுக்கு. மற்ற வீடுகளில் முன்னோர்களுக்கு விடுவார்கள். எங்கள் வீட்டில் அவனுக்கு. "அவன் வேற எந்த வீட்டுக்குப் போவான்?" என்பார் அப்பா. காலையில் துண்டு நனைந்திருக்கும். அப்பாதான் நனைக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தால்தான் தூக்கம் வரும்.

அம்மா போய்ப் பல வருஷம் கழித்து, போன இலையுதிர் காலத்தில் அப்பா நிஜமாகவே செத்துப்போனார். என் தம்பி எஸ்கோ ஆரம்பித்தான்.

"அக்கா, நம்ம அப்பாவும் போருக்குப் போனவருதானே? அவரு கல்லுல அவரு பேரு வேணாமா? ஒரே பேரு, ஒரே பொறந்த தேதி, ரெண்டு கல்லு. பாக்கறவன் சிரிக்க மாட்டான்?"

"அதுக்கு?"

"பழைய கல்லுல 'பெயர் தெரியாதவர்'னு மாத்திடலாம். பாதிரியாரும் ஒத்துக்கிட்டாரு. நீ சரின்னா போதும்."

சரி என்றேன். எனக்கும் ஆத்திரம்தான். வாழ்நாள் முழுக்க எங்கள் அப்பாவை இன்னொருவனோடு பங்கு போட்டுக்கொண்டோம், இனிமேலாவது முழுசாக எங்களுக்கு வேண்டும் என்றிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை அப்பாவின் புது மண்ணில் ஏற்றிய சுடர் நின்று எரிந்தது. பழைய கல்லில் கொளுத்தக் கொளுத்த அணைந்தது. காற்றே இல்லை. வரிசை முழுக்க மற்ற சுடர்கள் அசையாமல் நின்றன.

"திரி ஈரமா இருக்கும்க்கா."

"மெழுகுவத்திப் பெட்டியப் பிரிச்சதே இப்பதான்டா, மடையா."

வீட்டுக்கு வந்து குளித்தோம். கடைசியாக வெளியே வந்த எஸ்கோ வாளித் தண்ணீரைப் பனியில் கொட்டினான். "அந்தக் கூத்தெல்லாம் அப்பாவோட முடிஞ்சுது." நானும் துண்டு வைக்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். பன்றி இறைச்சியை எஸ்கோ வெட்டிக்கொண்டிருந்தபோது முற்றத்துக்கு அந்தப்பக்கம் கற்களில் தண்ணீர் விழும் 'சுர்' கேட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நாய் மேஜைக்கடியில் பதுங்கியது.

வெளியே போனோம். பனியில் எங்கள் காலடிகள் மட்டும்தான் இருந்தன. சவுனாக் கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். சிறைமுகாமில் ஒட்டிக்கொண்ட அந்த இருமலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

"முதுகக் காட்டு, தேச்சு விடறேன்," என்றார் அப்பா.

சவுனாவில் உடம்பைத் தட்டிக்கொள்ளும் இலைக்கொத்து முதுகில் படும் சத்தம். எஸ்கோ என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கே கேட்டிருக்கணும். உன் பேரு என்னப்பா?"

இலைக்கொத்தின் சத்தம் நின்றது. பிறகு இளம் குரல் ஒன்று, யோசித்து யோசித்துச் சொன்னது.

"தானெலி மொய்லானென். வேற பேரு எதுவும் ஞாபகம் இல்லீங்க."

அப்பா பெருமூச்சு விட்டார். "சரி. நீயே வெச்சுக்க."

எஸ்கோ வீட்டுக்குள் ஓடி இரண்டு துண்டுகள் எடுத்து வந்தான். கதவைத் திறக்க இருவருக்கும் தைரியம் வரவில்லை. படியில் வைத்துவிட்டுத் திரும்பினோம்.

பழைய கல்லை அப்படியே விட்டுவிட்டு, பனி உருகியதும் அப்பாவுக்குக் கல் நட்டோம். போர்வீரர்களுக்கு உரிய வாளும் சிலுவையும் மட்டும் செதுக்கிய கல். ஏதோ விட்டுப்போய்விட்டது என்று கல்தச்சர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"பேரக் குடுத்துட்டாருங்க," என்றான் எஸ்கோ.