கீசனில் பிரியும் வண்டி

இரண்டு கண்ணாடிகளுக்கு அப்பால் என் மனைவி செண்பகவல்லியின் நரைத்த கொண்டை அசைகிறது, அவள் இருப்பது வண்டியின் முன்பாதியில், நான் நிற்பது பின்பாதியில், நடுவே ஆளில்லாத ஓட்டுநர் அறைகள், வழியில்லை, இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன, நெடுங்காலமாக அப்படித்தான் ஓடினோமோ என்றும் தோன்றுகிறது, மார்புர்க் நகருக்கு வரும் வழியை மகள் வான்மதி தொலைபேசியில் பலமுறை சொல்லியிருந்தாள், பிராங்க்பர்ட்டில் பின்பாதியில் ஏறுங்கப்பா, கீசனில் வண்டி ரெண்டாப் பிரியும், முன்பாதி வேற ஊருக்குப் போயிரும், அதை நான் செய்யுளைப்போல் மனனம் செய்து மனைவிக்கும் ஒப்பித்தேன், ஆனால் பிராங்க்பர்ட்டில் பின்பாதி நிரம்பியிருக்கக் கண்ட அவள், ஒரே வண்டிதானே, வாத்தியார்வாள் பாடத்தை முடிக்கதுக்குள்ள சீட்டு போயிரும், பெட்டியத் தூக்கிட்டு மெதுவா வாங்க என்று துண்டும் கையுமாக முன்னே விரைந்தாள், திருச்செந்தூர் வண்டியிலும் அப்படித்தான், சன்னல் கம்பிகளுக்கிடையே துண்டை எறிந்து இடம் பிடிப்பாள், நான் கூட்டம் இறங்கியபின் ஏறுவேன், இப்போது நான் ஏறியது எந்த வண்டி, தாமிரபரணிப் பாலம் கடகடக்கிறதே, இல்லை, இது வேறு ஆறு, கதவுகள் மூடும் ஒலி கேட்டு அருகிலிருந்த பெட்டியில் ஏறினேன், உள்ளே நடந்துபோய் அவளை அழைத்து வரலாமென்று எண்ணினேன், நம் ஊர் வண்டியில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடக்கலாமல்லவா, இங்கே கண்ணாடி தடுத்தது, தட்டினேன், அவள் திரும்பவில்லை, அவளிடம் தொலைபேசியும் இல்லை.

இன்று வான்மதியின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு, தொடங்கியபின் கதவைச் சாத்திவிடுவார்களாம், அம்மா முதல் வரிசையில உக்காரணும்ப்பா என்று அவள் சொன்னபோது நான் சிரிக்கவில்லை, பள்ளி மேடையிலும் தாயின் முகம் தெரியாவிட்டால் அவளுக்கு வாய் திறக்காது, கீசனில் பெட்டியோடு இறங்கி முழங்கால் நோவைப் பொறுத்து முன்பாதியை நோக்கி ஓடுகிறேன், செண்பகவல்லி சாளரத்தோரம் அமர்ந்திருக்கிறாள், பக்கத்து இருக்கையில் துண்டு, அங்கே அமரவந்த நெட்டை இளைஞனைத் தமிழிலேயே தடுத்திருப்பாள் போலும், அவன் பணிவாக நிற்கிறான், இறங்கி வா என்று கையசைக்கிறேன், அவளோ இருக்கையைத் தட்டி என்னை அழைக்கிறாள், மூடும் ஒலி எழுகிறது, பின்பாதிக்குத் திரும்பினால் நானாவது தேர்வரங்கில் இருப்பேன், ஆயினும் மகள் தேடும் முகம் என்னுடையதன்று, மொழி தெரியாத நாட்டில் இவளைத் தனியே விடவும் இயலாது, ஏறிவிட்டேன்.

எவ்வளவு நேரம், உங்களுக்குத்தான வச்சிருக்கேன் என்றாள், அருகில் அமர்ந்தபின்புதான் வண்டி வேறு ஊருக்குப் போவதையும், திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் தேர்வு முடிந்துவிடும் என்பதையும் சொன்னேன், வளைவில் திரும்பிப் பார்த்தேன், பின்பாதி நடைமேடையிலேயே நின்று சிறிதாகிக்கொண்டிருந்தது, அதன் கண்ணாடிக்குப் பின்னால் எவரும் இல்லை, முகம் தெரியுத மாதிரி போனைப் போடுங்க என்கிறாள் மனைவி, கொண்டையைத் திருத்திக்கொள்கிறாள், திரையில் வான்மதியின் கலங்கிய கண்கள், எங்கம்மா இருக்கீங்க, என்னைய முதல் வரிசை நாற்காலியில வையிட்டி என்கிறாள் தாய், திரை ஆடுகிறது, கூரை தெரிகிறது, விளக்குகள் தெரிகின்றன, பிறகு அசையாமல் நிற்கிறது, எதிரே எம் மகள், செண்பகவல்லி தொலைபேசி ஆடாதிருக்க என் தோளில் முழங்கையை ஊன்றிக்கொள்கிறாள், வண்டி எங்களை மேலும் மேலும் தொலைவுக்குக் கொண்டுபோகிறது, வான்மதி வாய் திறக்கிறாள்.